எந்த டிரைவ், எத்தனை டெராபைட்?

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே செப்பனிடப்பட்டது.)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு மிகவும் சாதாரணமானது. கம்ப்யூட்டருக்கு எந்த வகை டிரைவ் வாங்குவது, எவ்வளவு பெரிதாக வாங்குவது? இந்தத் துறையில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்தால் போதும், கல்யாணப் பந்தியில்கூட இலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுவிடுகிறார்கள்: "எஸ்.எஸ்.டி. நல்லதா சார், ஹார்டு டிஸ்க் நல்லதா?" சைக்கிள் நல்லதா, லாரி நல்லதா என்று ஒருவர் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? எங்கே போறீங்க, என்ன ஏத்தப் போறீங்க என்றுதானே திருப்பிக் கேட்போம்! அதையேதான் நானும் கேட்கிறேன். தினமும் இதில் எவ்வளவு எழுதப் போகிறீர்கள்? எழுதியது எத்தனை வருஷம் இருக்க வேண்டும்? நாளைக் காலையில் இது செத்துப்போனால் உங்களுக்கு என்ன நஷ்டம்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் கடைக்குப் போனால், கடைக்காரரிடம் என்ன ஸ்டாக் இருக்கிறதோ அதைத்தான் வாங்கி வருவீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஹார்டு டிஸ்க் 1956-ல் வந்தது. ஐ.பி.எம். கம்பெனியின் ராமாக் என்ற இயந்திரத்தில், இரண்டு அடி விட்டமுள்ள 50 தட்டுகளை அடுக்கி, மொத்தம் 50 லட்சம் எழுத்துகளைச் சேமித்தார்கள். இன்று உள்ளங்கையில் அடங்கும் டிஸ்க் 30 டெராபைட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் அடிப்படை வேலை மாறவில்லை. தட்டு சுற்றுகிறது, அதன் மேல் ஒரு சின்ன ஹெட் அலைகிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் வினாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்டு. நாம் கேட்ட இடம் ஹெட்டுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிசெகண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஹெட் சரியான தடத்துக்கு நகர இன்னொரு 8 மில்லிசெகண்டு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிக் கழித்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கச் சொன்னால் வினாடிக்கு ஏறக்குறைய 80 இடங்களைத்தான் தொட முடியும். விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்கிறது. பழைய லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம் என்று சொல்கிறோமே, அதற்குக் காரணம் இந்த 80 தான். பெரிய வீடியோ ஃபைலை ஒரே மூச்சில் படிக்கச் சொன்னால் அதே டிஸ்க் வினாடிக்கு 150 முதல் 250 மெகாபைட் வரை கொட்டும். நேர்ச்சாலையில் லாரி ஓடும், சந்துக்குள்தான் திணறும்.

எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. டோஷிபா நிறுவனத்தில் இருந்த ஃபுஜியோ மசுவோகா குழுவினர் 1987-ல் வெளியிட்ட நேண்ட் ஃபிளாஷ்தான் அதன் உயிர். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சொம்புகள் கோடானுகோடி. ஒவ்வொன்றிலும் எலக்ட்ரான்களைப் பிடித்து வைக்கிறார்கள். சொம்பில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் அதுதான் தகவல். இடம் மாறி இடம் படிப்பதில் இதற்குச் சிரமமே கிடையாது, வினாடிக்குப் பல்லாயிரம் முறை படிக்கும். இதில் டி.எல்.சி., கியூ.எல்.சி. என்று இரண்டு பெயர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டி.எல்.சி.யில் ஒரு சொம்பில் 8 மட்டங்கள், கியூ.எல்.சி.யில் 16 மட்டங்கள். ஒரே சொம்பில் 16 கோடு போட்டு அளப்பது எவ்வளவு நுணுக்கம் என்று பாருங்கள்! அதனால்தான் கியூ.எல்.சி. விலை குறைவு, எழுதும் வேகமும் குறைவு, சீக்கிரம் தேய்ந்தும் போகும். அழித்து எழுதும் ஒவ்வொரு தடவையும் சொம்பின் சுவர் கொஞ்சம் கரைகிறது.

தேய்மானம் என்றதும் மாணவர்கள் பயப்பட வேண்டாம். நல்ல 1 டெராபைட் டி.எல்.சி. டிரைவுக்குக் கம்பெனிக்காரர் பெரும்பாலும் 600 டெராபைட் எழுதும் வரை வாரண்டி தருகிறார். ஒரு நாளைக்கு 30 ஜி.பி. எழுதினால், அது தீர 20,000 நாள், அதாவது 54 வருஷம் ஆகும். அதற்குள் லேப்டாப் என்ன, நாமே ரிட்டயர் ஆகிவிடுவோம்.

ஆகவே, படிக்கும் பிள்ளைகளுக்கு என் பதில் சுருக்கமானது. லேப்டாப்புக்குள் எஸ்.எஸ்.டி.தான், வேறு பேச்சே இல்லை. 2011-ல் அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா லேப்டாப்புகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் பரண் மேல் கிடக்கின்றன. அதில் இருப்பது இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்க். அதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் 256 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றை வைத்து, லினக்ஸ் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். பிளஸ் டூ படிக்கும் தம்பிக்கு அது தாராளம். புது லேப்டாப் என்றால் எம்.2 என்ற சின்ன ஸ்லாட் இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எம்.2 என்பது உருவத்தின் பெயர், வேகத்தின் பெயர் அல்ல. அதே உருவத்தில் சாட்டா வகையும் உண்டு, வினாடிக்கு 550 மெகாபைட்டோடு நின்றுவிடும். என்.வி.எம்.இ. வகையும் உண்டு, 3,500-லிருந்து 7,000 மெகாபைட் வரை போகும். உங்கள் லேப்டாப் எதை ஏற்கும் என்று அதன் கையேட்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள், ஒன்றின் இடத்தில் மற்றொன்று வேலை செய்யாமல் போகலாம். நீளமும் பாருங்கள். பெட்டியில் 2280 என்று போட்டிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 3,500-க்கும் 7,000-க்கும் உள்ள வித்தியாசம் சி புரோகிராம் கம்பைல் பண்ணுகிறவருக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பணத்துக்கு அளவைக் கூட்டி வாங்குங்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் பிள்ளைகளுக்கு 512 ஜி.பி. போதும். மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகள் டிசைன் சாஃப்ட்வேர்களை வரிசையாக ஏற்றுவார்கள், 1 டெராபைட் எடுத்துக்கொள்ளட்டும். எஸ்.எஸ்.டி.யை முட்ட முட்ட நிரப்பினால் மந்தமாகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு காலியாக விட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

டிரைவ் வாங்கிய அன்றே ஒருவர் போன் செய்வார்: "சார், 1 டெராபைட்னு சொல்லி ஏமாத்திட்டான், 931 தான் காட்டுது." கடைக்காரர் பாவம். கம்பெனி 1 டெராபைட் என்பதை லட்சம் கோடி பைட் என்று எண்ணுகிறது. விண்டோஸ் 1024 1024-ஆக வகுத்துக் காட்டுகிறது. பண்டம் ஒன்றுதான், படி வேறு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நம் திருப்போரூரில் முகூர்த்த நாளில் கந்தசுவாமி கோயில் பக்கம் போய்ப் பாருங்கள். ஒரு ஜோடி இறங்க, ஒரு ஜோடி ஏற என்று கல்யாணம் நடக்கும். அத்தனை கல்யாணத்துக்கும் கேமராக்காரர் உண்டு. அவர்களில் எனக்குத் தெரிந்த ஒருவர், ஸ்டூடியோ வைத்திருப்பவர், பெயர் வேண்டாம். நல்ல தொழில்காரர். ஒரு சீசனில் எடுத்த கல்யாணங்களை எல்லாம் ஒரே எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் வைத்து எடிட் பண்ணிக்கொண்டிருந்தார். மேஜை மேல் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தது. உதவிக்கு இருந்த பையன் நாற்காலியை இழுக்க, காலில் கேபிள் மாட்ட, டிஸ்க் தரையில் விழுந்தது. மேஜை உயரம்தான், இரண்டரை அடி. எடுத்துச் செருகினால் "டிக்... டிக்... டிக்" என்று சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு வயிறு கலங்கும்.

ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில நேனோமீட்டர்தான். நம் தலைமுடியின் தடிமன் அதைப் போல் பல்லாயிரம் மடங்கு. டிஸ்க் நின்றிருக்கும்போது ஹெட் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருக்கும், அப்போது விழுந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஓடும்போது விழுந்தால் ஹெட் தட்டில் மோதிக் கோடு கிழித்துவிடுகிறது. சென்னையில் டேட்டா மீட்கிற லேபுக்கு எடுத்துப் போனார். அவர்கள் தூசியில்லா அறையில் பிரித்து, ஹெட் மாற்றி, கொஞ்சம் மீட்டுக் கொடுத்தார்கள். அந்தச் செலவில் அவர் நாலு டிஸ்க் வாங்கியிருக்கலாம். மீளாமல் போனதில் ஒரு கல்யாணம். அந்தப் பெண்ணின் அப்பா கல்யாணம் முடிந்து எட்டே மாதத்தில் தவறிவிட்டார். அவர் தாரை வார்த்துக் கொடுத்த காட்சி, நெருக்கத்தில் எடுத்தது, அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. அந்தக் குடும்பம் ஸ்டூடியோவுக்கு வந்து சண்டை போடவில்லை. "ஏதாவது இருக்குமா, நல்லா தேடிப் பாருங்க தம்பி" என்று அந்த அம்மா கேட்டாராம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று நிமிட டிரெய்லர் மட்டும்தான் இருந்தது. இதை என்னிடம் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் தொழிலுக்கு எது சரியான டிரைவ்? கணக்குப் போடுவோம். 4கே கேமரா வினாடிக்கு 100 மெகாபிட் என்று பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. முகூர்த்தமும் ரிசப்ஷனுமாக இரண்டு கேமராவில் தலா 4 மணி நேரம் என்றால் 360 ஜி.பி. ஸ்டில் போட்டோ 3,000, ஒன்று 30 மெகாபைட் என்றால் 90 ஜி.பி. ஆக ஒரு கல்யாணத்துக்கு 450 ஜி.பி. மாதத்துக்கு ஆறு கல்யாணம் வந்தால் 2.7 டெராபைட். எடிட் பண்ணும் மேஜையில் 2 டெராபைட் என்.வி.எம்.இ., அதுவும் டி.எல்.சி. வகை இருக்க வேண்டும். கியூ.எல்.சி. வாங்கினால் முதல் கொஞ்ச நேரம் பறக்கும், உள்ளே இருக்கும் வேகமான பகுதி நிரம்பியதும் சில மாடல்கள் ஹார்டு டிஸ்க்கை விட மெதுவாகிவிடும். கல்யாணம் முடிந்த ராத்திரி 450 ஜி.பி.யை இறக்குகிறவருக்கு அது ஆகாது. முடிந்த வேலையை வைத்திருக்க 8 டெராபைட் ஹார்டு டிஸ்க் இரண்டு, இரண்டிலும் ஒரே சரக்கு. ஒன்று ஸ்டூடியோவில், ஒன்று வீட்டில். கேமரா கார்டை அழிப்பதற்கு முன்னால் இரண்டிலும் ஏறியிருக்க வேண்டும். இவ்வளவுதான். 16 டெராபைட் ஒன்று வாங்குவதைவிட 8 டெராபைட் இரண்டு வாங்குவது எப்போதும் மேல். "அளவு என்ன" என்ற கேள்விக்கு என் பதிலே இதுதான்: கையில் இருக்கும் பணத்தை முதலில் இரண்டாகப் பிரித்துவிடுங்கள், அதில் ஒரு பாதிக்கு என்ன அளவு கிடைக்கிறதோ அதுதான் உங்கள் அளவு. அந்த நண்பர் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறார்.

அந்த ஹார்டு டிஸ்க்கிலும் இரண்டு ஜாதி உண்டு, பெட்டியைப் பார்த்தால் தெரியாது. நம் ஊர் நாட்டு ஓட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமானால் மேலே இருக்கும் வரிசையை எல்லாம் கிளப்ப வேண்டும். எஸ்.எம்.ஆர். என்ற வகை டிஸ்க்கில் தடங்களை அப்படித்தான் அடுக்கியிருக்கிறார்கள். அதே தட்டில் அதிக இடம் கிடைக்கும், ஆனால் நடுவில் திருத்தி எழுதினால் அக்கம்பக்கம் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டியிருக்கும். சி.எம்.ஆர். வகையில் தடங்கள் தனித்தனி. ஒரு தடவை எழுதி எடுத்து வைக்க எஸ்.எம்.ஆர். போதும். நாலு டிஸ்க்கைச் சேர்த்து நாஸ் பெட்டியில் போட அது வேண்டவே வேண்டாம். நாஸுக்கென்றே விற்ற சில டிஸ்க்குகளில் சொல்லாமல் எஸ்.எம்.ஆரைப் போட்டுவிட்டார்கள் என்று 2020-ல் உலகம் முழுக்கப் பெரிய ரகளையே நடந்தது. அதற்குப் பிறகு கம்பெனிகள் தங்கள் பட்டியலில் இதை வெளியிடுகின்றன. மாடல் எண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சி.சி.டி.வி. பற்றியும் கேட்பீர்கள். கோயில் வீதியில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு 8 கேமரா, 30 நாள் பதிவு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கேமரா வினாடிக்கு 4 மெகாபிட் என்றால் ஒரு நாளைக்கு 43 ஜி.பி. எட்டுக்கும் முப்பது நாளைக்கும் 10 டெராபைட்டுக்கு மேல். எச்.265 முறைக்கு மாற்றி 2 மெகாபிட்டாகக் குறைத்தால் பாதி. இங்கே எஸ்.எஸ்.டி. வீண் செலவு. இரவு பகல் எழுதிக்கொண்டே இருக்கத் தயாரித்த கண்காணிப்பு வகை ஹார்டு டிஸ்க் தனியாக விற்கிறது, அதைப் போடுங்கள். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய டிஸ்க்கை மாட்டிவிட்டுப் போகும் ஆட்களும் இருக்கிறார்கள், திருட்டுப் போன அன்றைக்குத்தான் பதிவு இல்லை என்பது தெரியும்.

நம் ஊருக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன, அவற்றை எந்தக் கம்பெனி கையேடும் சொல்லாது. கேளம்பாக்கம் உப்பளத்தைத் தாண்டித்தான் நாம் எல்லோரும் கல்லூரிக்கு வந்தோம். அந்தக் காற்று பைக்கின் சைலன்சரை என்ன செய்கிறது என்று தெரியும். கம்ப்யூட்டரின் கனெக்டரையும் அதுவேதான் செய்கிறது. சாதாரண ஹார்டு டிஸ்க்கில் காற்று போய்வர ஃபில்டர் வைத்த ஒரு சின்னத் துளை இருக்கும், அதை ஸ்டிக்கர் ஒட்டி அடைக்கக் கூடாது. மிகப் பெரிய அளவு டிஸ்க்குகளில் ஹீலியம் அடைத்து முழுக்க மூடிவிடுகிறார்கள், துளை கிடையாது. எடுத்து வைக்கும் டிஸ்க்கை மூடி இறுகிய டப்பாவில் இரண்டு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஊறுகாய் ஜாடிக்குக் கொடுக்கும் மரியாதையைக் கொடுத்தால் போதும். அடுத்தது தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா, 2023 டிசம்பர் மிக்ஜாம் என்று எல்லாவற்றையும் பார்த்தவர்கள் நாம். டிஸ்க்கையும் அதன் நகலையும் ஒரே பீரோவின் கீழ்த் தட்டில் வைத்தால் இரண்டும் சேர்ந்தேதான் மிதக்கும்.

இப்போது நம் சங்கத்தின் விஷயம். பழைய குரூப் போட்டோக்கள், ஆண்டு மலர்கள், தொண்ணூறுகளில் எடுத்த விழா வீடியோ கேசட்டுகள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, 2 டெராபைட் எஸ்.எஸ்.டி. ஒன்றில் போட்டு அலுவலக பீரோவில் வைக்கலாம் என்று செயற்குழுவில் பேச்சு இருப்பதாகச் சொன்னார்கள். நல்ல எண்ணம். ஆனால் அந்த டிரைவ் வேண்டாம் என்று இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறேன், மூத்தவர்கள் தவறாக நினைக்கக் கூடாது.

முதலில் அளவே பத்தாது. எட்டுக்குப் பத்து அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி என்று ஸ்கேன் செய்து, சுருக்காமல் வைத்தால் ஒரு படம் 86 மெகாபைட். 4,000 படம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 345 ஜி.பி. மலர்களில் 3,000 பக்கம் என்றால், ஏ4 அளவில் 400 புள்ளியில் இன்னொரு 140 ஜி.பி. வீடியோ கேசட்டை டி.வி. ஃபார்மட்டில் ஏற்றினால் மணிக்கு 13 ஜி.பி. 120 மணி நேரம் இருந்தால் 1,560 ஜி.பி. மொத்தம் 2 டெராபைட்டைத் தாண்டிவிட்டது. வருகிற வருஷங்களின் விழாக்களை எங்கே வைப்பது?

அதைவிட முக்கியம், எடுத்து வைப்பதற்கு எஸ்.எஸ்.டி. ஏற்றது அல்ல. சொம்பிலிருந்து எலக்ட்ரான் மெல்ல மெல்லக் கசிகிறது. ஜெடெக் என்ற தர நிர்ணய அமைப்பு சாதாரண எஸ்.எஸ்.டி.க்கு என்ன கேட்கிறது தெரியுமா? எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த நிலையில், கரண்ட் கொடுக்காமல் 30 டிகிரியில் வைத்தால் ஒரு வருஷம் தகவல் நிற்க வேண்டும். புது டிரைவில் இதைவிட எவ்வளவோ அதிகமாக நிற்கும், உண்மைதான். ஆனால் வெப்பம் கூடக் கூடக் கசிவும் கூடும். மே மாதத்தில் நம் ஆபீஸ் பீரோவுக்குள் 30 டிகிரியா இருக்கிறது? தவிர, ஹார்டு டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் முனகும், எஸ்.எஸ்.டி. பல சமயம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும், மீட்பதும் கடினம்.

நம் முன்னோர்கள் இந்தப் பிரச்சினையை நன்றாகவே அறிந்தவர்கள். பனையோலை நம் தட்பவெப்பத்தில் சாகாவரம் பெற்றது அல்ல, பூச்சியும் ஈரமும் அதைத் தின்றுவிடும். அதனால் பழைய ஏடு இற்றுப்போகும் முன் புது ஏட்டில் பார்த்து எழுதினார்கள். இதே திருப்போரூரில் 17-ஆம் நூற்றாண்டில் சிதம்பர சுவாமிகள் பாடிய சந்நிதி முறை இன்றும் நம் கையில் இருக்கிறது என்றால், யாரோ ஒருவர் மறுபடி மறுபடி நகல் எடுத்ததால்தான். உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டாரே, அதற்கு அவர் ஒரே ஏட்டை நம்பவில்லை. பல ஊர்களிலிருந்து பிரதிகளைத் திரட்டி ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு ஊரில் அழிந்த ஏடு இன்னொரு ஊரில் இருந்தது. மாறாக 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் நகல் இல்லாத சுவடிகள் அங்கே சாம்பலாயின. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார் தமிழ் நூல்களை உலகமெங்கும் இருக்கும் கம்ப்யூட்டர்களில் யாரும் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று விட்டார்களே, அது அந்த ஏடு எழுதிய புத்திதான்.

ஆகவே செயற்குழுவுக்கு என் யோசனை: 4 டெராபைட் ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்குங்கள், ஒரே கம்பெனியின் ஒரே பேட்ச்சாக இல்லாமல் வெவ்வேறு கம்பெனியாக. ஒரே நாளில் ஒரே வரிசையில் தயாரானவற்றுக்கு ஒரே குறை இருக்க வாய்ப்புண்டு. ஒன்று கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும். மற்றொன்று வேறு ஊரில், மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் ஒரு முன்னாள் மாணவர் வீட்டில், முடிந்தால் மாடி வீட்டில் இருக்கட்டும். போட்டோவும் மலரும் சேர்ந்து 500 ஜி.பி.கூட இல்லை. அதை மட்டும் மூன்றாவது நகலாக இணையச் சேமிப்பில் வைக்கலாம். டேட்டா சென்டர்களில் டேப்பும் பயன்படுத்துகிறார்கள், நம் அளவுக்கு அந்த டேப் டிரைவின் விலை கட்டுப்படியாகாது. வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு டிஸ்க்கையும் ஓட்டி, ஒவ்வொரு ஃபைலும் அப்படியே இருக்கிறதா என்று ஹாஷ் எண்ணை ஒப்பிட வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை, நன்றாக ஓடினாலும், புது டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். இதற்கென்று ஒருவர் பெயரைத் தீர்மானத்தில் எழுத வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள், அது நமக்குத் தெரிந்ததுதானே.

டிஸ்க் நலமாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? எல்லா டிரைவிலும் ஸ்மார்ட் என்ற சுயபரிசோதனை உண்டு, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவசப் புரோகிராம் அதைப் படித்துக் காட்டும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. பரிசோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையே இல்லாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளில் சாக 39 மடங்கு வாய்ப்பு அதிகம் என்று அதில் கண்டார்கள். எனவே ஒரே ஒரு பழுதான செக்டர் காட்டினாலும் "பார்த்துக்கலாம்" என்று இருக்காதீர்கள், அன்றே நகல் எடுங்கள். ஆனால் ஒரு பிழையும் காட்டாமலே சாகும் டிஸ்க்குகளும் ஏராளம் என்று அதே கட்டுரை சொல்கிறது.

கடைசியாக, வாங்கும் இடம். மாணவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவீர்கள், போங்கள், பேரம் பேசக் கற்றுக்கொள்ளவாவது போக வேண்டும். ஆனால் 16 டெராபைட் எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி. ஆயிரத்தைந்நூறு ரூபாய் என்று இணையத்தில் வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். உள்ளே இருப்பது சின்ன மெமரி கார்டு. 16 டெராபைட் என்று பொய் சொல்லும்படி அதன் கண்ட்ரோலரை மாற்றியிருப்பார்கள். நீங்கள் ஏற்றுவதையெல்லாம் வாங்கிக்கொண்டு பழையதன் மேலேயே எழுதிக்கொண்டிருக்கும். பெயர் மட்டும் எல்லாம் தெரியும், திறந்தால் ஒன்றும் வராது. புது டிஸ்க் என்று பயன்படுத்திய டிஸ்க்கைத் தலையில் கட்டுவதும் உண்டு. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் அப்படி ஓடித் தேய்ந்த டிஸ்க்குகள், ஓடிய மணிக்கணக்கைப் பூஜ்யமாக்கி, புதிது என்று விற்கப்பட்டது வெளியே வந்தது. ஆகவே எந்த டிரைவ் வாங்கினாலும், சொந்தத் தகவலை ஏற்றும் முன், எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசப் புரோகிராமால் முழுக்க எழுதி முழுக்கப் படித்துப் பாருங்கள். லினக்ஸ் என்றால் எஃப்3. 4 டெராபைட் ஹார்டு டிஸ்க்குக்கு எழுத ஏழெட்டு மணி, படிக்க ஏழெட்டு மணி பிடிக்கும். யூ.பி.எஸ்.ஸில் மாட்டிவிட்டு ராத்திரி தூங்கப் போங்கள். காலையில் பிழை காட்டினால் கடைக்காரர் அன்றைக்கே மாற்றித் தருவார், ஆறு மாதம் கழித்துப் போனால் சர்வீஸ் சென்டர் விலாசத்தைத்தான் தருவார்.

பில்லைக் கேட்டு வாங்குங்கள். இப்போது தரும் பில்லெல்லாம் வெயில் பட்டால் வெளுத்துப்போகும் தாள், வாரண்டி மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ இருக்கும். அதனால் கடை வாசலிலேயே பில்லையும் டிரைவின் சீரியல் எண்ணையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் போட்டோவை அந்த டிரைவில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.